அணுக்கழிவும் அயலார் சம்மதமும்

(சங்கத்தின் சொற்பொழிவு வரிசையில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இந்து வாலிபர் சங்க மேடையில் நின்று அணுக்கழிவைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று உங்களுட் சிலர் எண்ணக்கூடும். பொருந்தும் என்றே நான் கருதுகிறேன். நமது வாழ்க்கையில் அக்கினிக்கு உள்ள இடம் பெரிது. ஓமகுண்டத்திலும் அக்கினி, விளக்கிலும் அக்கினி, இறுதிக் கிரியையிலும் அக்கினி. தீ தொட்டது தூய்மையாகும் என்பது வழிவழி வந்த நம்பிக்கை. பொன்னைத் தீயிலிட்டால் மாசு நீங்குகிறது. குப்பையைத் தீயிலிட்டால் நோய்க்கிருமி அழிகிறது. ஆகவே, வேண்டாத ஒன்றைக் கொளுத்திவிட்டால் அதனோடு நமக்கிருந்த தொல்லை தீர்ந்தது என்று நினைப்பது மனித இயல்பு.

ஆனால் தீயினாலும் தூய்மையாக்க முடியாத பொருள்களை இந்த நூற்றாண்டுகளில் மனிதன் உண்டாக்கி வைத்திருக்கிறான். போர்க்கருவிக்காகச் செய்யப்பட்ட புளூட்டோனியம் அவற்றுள் ஒன்று. அந்தப் புளூட்டோனியம் படிந்த கழிவைக் கொளுத்துவதென அமெரிக்க அரசாங்கம் ஒருமுறை திட்டமிட்டது. அதனைப் பொதுமக்கள் எதிர்த்துக் கேள்வி கேட்டனர். அக்கேள்விகளால் என்ன விளைந்தது என்பதே இன்றைய பேச்சின் பொருள். அயலவன் சுவாசிக்கும் காற்றில் ஒன்றைக் கலக்குமுன் அவனைக் கேட்க வேண்டுமா, வேண்டாமா என்பதுதான் இதில் அடங்கிய கேள்வி.

முதலில் இந்தக் கழிவு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லுகிறேன்.

கொலறாடோ மாநிலத்து டென்வர் நகருக்கு அண்மையில் றொக்கி பிளாற்ஸ் என்னும் இடம் உண்டு. 1952ஆம் ஆண்டு முதல் 1989ஆம் ஆண்டு வரை அங்கே ஒரு தொழிற்சாலை இயங்கியது. அணுக்குண்டின் கருவாக அமையும் புளூட்டோனிய உருண்டைகளைக் கடைந்து செய்வது அதன் தொழில். பொற்கொல்லன் பட்டறையிலே பொற்றூள் சிந்துவது போல அங்கே புளூட்டோனியத் துகள் சிந்தியது. தொழிலாளர் அணிந்த கையுறை, துடைத்த துணி, பழுதான கருவி, காற்றை வடித்த வடிகட்டி, இயந்திரத்தில் ஊற்றிய எண்ணெய், கழிவுநீரின் அடியில் தங்கிய சேறு ஆகிய அனைத்திலும் அத்துகள் படிந்தது. இவையே நாம் பேசும் கழிவு.

புளூட்டோனியம் வெளியிடும் அல்பாக் கதிரை ஒரு தாள் தடுத்துவிடும்; நமது தோலும் தடுத்துவிடும். ஆகையால் அது பெட்டிக்குள் இருக்கும்வரை பக்கத்தில் நிற்பவனுக்குப் பெரும் ஆபத்தில்லை. ஆனால் நுண்ணிய தூளாகிக் காற்றிற் கலந்து, மூச்சோடு நுரையீரலை அடைந்துவிட்டால், அங்கே தங்கி அயலிலுள்ள உயிர்க்கலங்களை ஆண்டுக்கணக்காகத் தாக்கிக்கொண்டேயிருக்கும். புற்றுநோய் தோன்றுவதற்கு அது ஏதுவாகும். எனவே இப்பொருளை நிலத்திலோ பெட்டியிலோ வைத்திருப்பது ஒரு வகை ஆபத்து. காற்றில் விடுவது வேறொரு வகை ஆபத்து. இந்த வேறுபாட்டை மனத்திற் கொள்ளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. புளூட்டோனியம் 239 என்னும் வகையிற் பாதி அழிவதற்கு 24,100 ஆண்டுகள் செல்லும். மீதியிற் பாதி அழிய மேலும் 24,100 ஆண்டுகள். இப்படிப் பத்து முறை கழிந்தாலும் ஆயிரத்தில் ஏறத்தாழ ஒரு பங்கு எஞ்சியிருக்கும்.

றொக்கி பிளாற்ஸின் கழிவு 1954ஆம் ஆண்டு முதல் ஐடகோ மாநிலத்துக்கு அனுப்பப்பட்டது. அங்கே ஸ்நேக் ஆற்றுச் சமவெளியில் 890 சதுர மைல் பரப்புள்ள அரசாங்க ஆராய்ச்சி நிலையம் ஒன்று 1949இல் நிறுவப்பட்டிருந்தது. அணு ஆராய்ச்சியின் சரித்திரத்திலே புகழ்பெற்ற இடம் அது. 1951 டிசெம்பர் 20ஆம் நாள் அணுவுலையிற் பிறந்த மின்சாரத்தால் நான்கு விளக்குகள் அங்கே முதன்முதலாக எரிந்தன. 1955 யூலையில் அருகிலுள்ள ஆர்க்கோ என்னும் சிற்றூருக்குச் சிறிது நேரம் அணுமின்சாரம் ஒளி தந்தது. துயரச் சம்பவமும் அங்கே நிகழ்ந்தது. 1961 சனவரி 3ஆம் நாள் இராணுவத்துக்குரிய சிறிய உலையொன்று வெடித்து மூவர் மாண்டனர்.

அந்த நிலையத்தின் ஒரு மூலையிலே குழிகள் தோண்டி, பீப்பாக்களிலும் மரப்பெட்டிகளிலும் வந்த கழிவைப் புதைத்தார்கள். அது மழை குறைந்த வறண்ட நாடு. ஆகவே புதைத்தது புதைத்தபடி இருக்கும் என்று எண்ணினார்கள். ஆனால் 1962இலும் 1969இலும் பனி உருகிப் பெருகிய வெள்ளம் குழிகளுக்குள்ளே புகுந்தது. அக்குழிகளுக்கு ஏறத்தாழ 600 அடி கீழேதான் அந்தச் சமவெளி முழுவதற்கும் உயிர்நாடியான நிலத்தடி நீர் ஓடுகிறது. ஐடகோவின் உருளைக்கிழங்கு உலகம் அறிந்தது. அப்பயிருக்கும் குடிமக்களுக்கும் வேண்டிய நீர் அது. கழிவோடு புதைத்த காபன் நாற்குளோரைட்டு முதலிய கரைப்பான்கள் அந்நீரை அடைந்துவிட்டமை பின்னர் கண்டறியப்பட்டது.

1970ஆம் ஆண்டிலே அமெரிக்க அணுசக்தி ஆணைக்குழு, புளூட்டோனியம் போன்றவை கலந்த கழிவை இனிப் புதைக்கலாகாது, மீண்டும் எடுக்கத்தக்க முறையில் வைக்கவேண்டும் என்று விதித்தது. அதன்பின் வந்த பீப்பாக்கள் நிலத்தின்மேல் அடுக்கி வைக்கப்பட்டன. அப்படிச் சேர்ந்த கழிவின் அளவு ஏறத்தாழ 65,000 கனமீற்றர். சில ஆண்டுகளில் எடுத்துச் செல்லப்படும் என்று சொன்னார்கள். பீப்பாக்கள் துருப்பிடித்தன, எடுத்துச் செல்வார் எவருமில்லை.

ஐடகோ மக்கள் பொறுமை இழந்தனர். 1988 ஒக்டோபரில் மாநில ஆளுநர் செசில் அன்டிறஸ், றொக்கி பிளாற்ஸ் கழிவு இனி எல்லை தாண்டி வரலாகாது என்று தடுத்தார். வழக்குகள் நடந்தன. ஈற்றில் 1995 ஒக்டோபரில், ஆளுநர் பில் பாற் காலத்தில், மாநிலமும் மத்திய சக்தித் திணைக்களமும் கடற்படையும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. நிலத்தின்மேல் உள்ள இக்கழிவு முழுவதும் 2018 டிசெம்பர் 31க்குள் ஐடகோவை விட்டு வெளியேற வேண்டும். அதனைப் பதப்படுத்தும் ஆலை 2003இல் இயங்கத் தொடங்க வேண்டும் என்பன அதன் நிபந்தனைகள். அந்த உடன்படிக்கையை நீக்கவேண்டும் என்று சிலர் கிளம்பியபோது 1996இல் மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. நீக்க வேண்டாம் என்றே பெரும்பான்மையோர் வாக்களித்தனர். அந்த மக்களுக்கு வேண்டியது ஒன்றுதான்: கழிவு போகவேண்டும்.

இனி, எரிக்கும் எண்ணம் எப்படி வந்தது என்று பார்ப்போம். எதிர்த்தவர் பக்கத்தை மட்டும் சொல்லி, திட்டமிட்டவரை மூடர் என்று காட்டுவது நியாயமாகாது. அவர்களுக்கும் காரணங்கள் இருந்தன.

கழிவு போய்ச் சேரவேண்டிய இடம் நியூ மெக்சிக்கோவிலே காள்ஸ்பாட் நகருக்கு அண்மையில் உள்ள நிலத்தடிக் களஞ்சியம். நிலத்துக்குக் கீழே 2,150 அடி ஆழத்தில், தொன்மையான உப்புப் படையைக் குடைந்து செய்தது. 1999 மார்ச்சு 26ஆம் நாள் அங்கே முதற் கழிவு வந்து சேர்ந்தது. ஆனால் ஐடகோப் பீப்பாக்கள் எல்லாவற்றையும் உள்ளபடியே அங்கே அனுப்ப இயலாதிருந்தது. பிளாத்திக்கு, துணி, எண்ணெய் ஆகியவற்றை அல்பாக் கதிர் சிதைக்கும்போது ஐதரசன் வாயு உண்டாகும். மூடிய பீப்பாவில் ஐதரசன் சேர்ந்தால் தீப்பற்றலாம். ஆகவே நெடுஞ்சாலையில் ஏற்றிச் செல்வதற்குக் கடுமையான வரையறை உண்டு. மேலும் சில பீப்பாக்களில் பழைய இயந்திர எண்ணெய்களிற் கலந்த நச்சு இரசாயனங்கள் இருந்தன. அவற்றை உயர்ந்த வெப்பத்தில் எரித்து அழிப்பது எங்கும் வழங்கிய முறை. எரித்தாற் கழிவின் பருமனும் குறையும். சாம்பலைக் கட்டியாக்கி அனுப்பிவிடலாம். எரியுலை முறை பழகிய முறை. டெனசி மாநிலத்து ஓக் றிட்ஜில் அத்தகைய நச்சு இரசாயனமும் கதிர்த்தொழிற்பாடும் கலந்த கழிவை எரிக்கும் உலை ஒன்று 1991 முதல் 2009 வரை இயங்கியது.

ஆகவே 1996 டிசெம்பரில் பிரித்தானிய அணு எரிபொருள் நிறுவனத்தின் அமெரிக்கக் கிளைக்கு ஐடகோ ஆலையின் ஒப்பந்தம் கொடுக்கப்பட்டது. பிரித்தல், அமுக்குதல், எரித்தல் ஆகிய மூன்றும் அந்த ஆலையில் நடைபெற இருந்தன. கழிவில் ஒரு பகுதியே எரியுலைக்குப் போகும்; புகை பல வடிகட்டிகளைக் கடந்தே வெளியேறும்; அயலாருக்குச் சேரும் கதிர்வீச்சு மிகமிகச் சிறிதே என்று அரசாங்கம் கணக்கிட்டுக் கூறியது.

இந்த இடத்திலே தீயின் இயல்பைச் சற்று ஆராய வேண்டும். எண்ணெயைத் தீ அழிக்கும், பிளாத்திக்கை அழிக்கும், நச்சு இரசாயனத்தையும் தக்க வெப்பத்தில் அழிக்கும். கதிர்த்தொழிற்பாடோ அணுவின் கருவுக்குரியது. எந்த நெருப்பும் அந்தக் கருவைத் தொடுவதில்லை. நூறு பீப்பாவிற் பரந்திருந்த புளூட்டோனியம், எரித்தபின் சில பீப்பாச் சாம்பலிற் செறிந்திருக்கும். சிறிதளவு புகையோடு எழும். அந்தப் புகையைத் தடுப்பது வடிகட்டி. உயர்திறன் வடிகட்டி எனப்படுவது, ஒரு மில்லிமீற்றரின் பதினாயிரத்தில் மூன்று கூறு பருமனான துகள்களை நூற்றுக்கு 99.97 என்ற அளவில் தடுத்து நிறுத்தும். அதாவது 10,000 துகள்களில் மூன்றே தப்பும். ஒன்றன்பின் ஒன்றாகப் பல வடிகட்டிகளை வைத்தால் தப்புவது மேலும் குறையும். மெச்சத்தக்க சாதனந்தான்.

ஆனால் வடிகட்டி நன்றாயிருக்கும் வரையுந்தான் இக்கணக்கு. மிகுந்த வெப்பமும் ஈரமும் அதனைப் பழுதாக்கும். இது வெறும் அச்சமன்று, நிகழ்ந்த சம்பவம். 1957 செப்டெம்பர் 11ஆம் நாள் றொக்கி பிளாற்ஸ் தொழிற்சாலையில் ஒரு பெட்டகத்தினுள் புளூட்டோனியம் தானே தீப்பற்றியது. தீ பரவி வடிகட்டிகளையே எரித்துவிட்டது. காவல் நின்ற வடிகட்டி எரிந்ததும் புளூட்டோனியப் புகை புகைபோக்கி வழியே வெளியேறியது. டென்வர் நகர மக்களுக்கு நடந்தது முழுவதும் அன்று சொல்லப்படவில்லை. 1969 மே 11ஆம் நாள் அங்கே இன்னொரு பெருந்தீ மூண்டது. அதன்பின் எட்வேட் மாட்டெல் என்னும் இரசாயன விஞ்ஞானி, அரசாங்கம் அளந்து சொல்லும் என்று காத்திராமல், சகாக்களோடு தாமே தொழிற்சாலைக்கு வெளியே மண்ணை எடுத்துச் சோதித்தார். அந்த மண்ணிற் புளூட்டோனியம் இருந்தது. முந்திய தீயைப் பற்றியும், வெளியில் வைத்த எண்ணெய்ப் பீப்பாக்கள் கசிந்தமை பற்றியும் மக்கள் விரிவாக அறியலானது அதன் பின்னரே. 1989 யூனிலே மத்திய துப்பறியும் பிரிவினர் அத்தொழிற்சாலைக்குள் புகுந்து சோதனையிட்டனர். 1992இல் அதனை நடத்திய றொக்வெல் நிறுவனம் சுற்றாடற் சட்டங்களை மீறியதாக ஒப்புக்கொண்டு 185 இலட்சம் டொலர் தண்டம் இறுத்தது.

இவையெல்லாம் ஐடகோ எரியுலையின் குற்றங்களல்ல என்று ஒருவர் சொல்லலாம். உண்மை. ஆனால் ஐடகோவில் எரிக்க இருந்தது அதே றொக்கி பிளாற்ஸின் கழிவு. எரிக்க முன்வந்தது அதே அரசாங்கம். ஒருமுறை மறைத்தவன் மறுமுறை உண்மை சொன்னாலும் கேட்பவன் ஐயுறுவான். அதற்குக் கேட்பவனைக் கடிந்து பயனில்லை.

இனிப் பொதுமக்களைக் கேட்ட முறைக்கு வருகிறேன். அமெரிக்காவிலே 1970இன் முதல் நாள் நடைமுறைக்கு வந்த தேசிய சுற்றாடற் கொள்கைச் சட்டம் உண்டு. அரசாங்கம் சுற்றாடலைப் பெரிதும் பாதிக்கக்கூடிய காரியம் ஒன்றைச் செய்யுமுன், அதன் விளைவுகளையும் மாற்று வழிகளையும் ஆராய்ந்து அறிக்கை வெளியிட வேண்டும். அக்காலத்து விதிகளின்படி மக்களின் கருத்தைக் கேட்க வேண்டியிருந்தது. கேட்ட கருத்துகளுக்கு மறுமொழி எழுதவும் வேண்டியிருந்தது. சிறந்த சட்டம். ஐடகோ ஆலைக்கும் அறிக்கை எழுதப்பட்டது. ஐடகோவில் மக்களின் கருத்துக் கேட்கப்பட்டது. 1999 சனவரியில் இறுதி அறிக்கையும் வெளிவந்தது. சட்டத்தின் எழுத்து ஏறத்தாழ நிறைவேறியது என்றே சொல்லலாம்.

ஆனால் காற்று சட்டத்தின் எழுத்தைப் படிப்பதில்லை. நம் யாழ்ப்பாணத்தார் சோளகம், வாடை, கச்சான், கொண்டல் என்று காற்றுக்குத் திசைவாரியாகப் பெயரிட்டு, எந்தக் காலத்தில் எது வீசும் என்று அறிந்துதான் தோணியை இறக்கினார்கள். ஐடகோச் சமவெளியிலும் பகற்பொழுதிலே தென்மேற்கிலிருந்து சோளகம் போன்றதொரு காற்றே பெரிதும் வீசுகிறது. அது போகும் திசையிலே மாநில எல்லையைத் தாண்டினால் வையோமிங் மாநிலம். நிலையத்திலிருந்து ஏறத்தாழ 100 மைல் தொலைவில் ஜாக்சன் என்னும் ஊர். அதனை அடுத்து கிறாண்ட் டீற்றன் மலைப் பூங்கா. அதற்கு வடக்கே 1872இல் நிறுவப்பட்ட, உலகின் முதலாவது தேசியப் பூங்காவாகிய யெலோஸ்டோன். அரசாங்கம் நிலப்படத்தில் உள்ள எல்லையைப் பார்த்து ஐடகோ மக்களைக் கேட்டது. காற்று போகும் வழியைப் பார்த்திருந்தால் ஜாக்சன் மக்களையும் கேட்டிருக்கும். அவ்வூரவரிற் பெரும்பாலோர் செய்தியை அறிந்தது 1999 கோடைகாலத்தில், இறுதி அறிக்கை வெளிவந்து மாதங்கள் சென்ற பின்னர்.

அறிந்ததும் ஊர் கூடியது. அவ்வூரில் வாழ்ந்த புகழ்பெற்ற சட்டத்தரணி ஜெறி ஸ்பென்ஸ் முன்னின்றார். யெலோஸ்டோனை அணுக்கழிவிலிருந்து காப்போம் என்ற நோக்கத்தோடு ஓர் இயக்கம் தோன்றியது. ஐடகோவில் நெடுங்காலம் உழைத்துவந்த ஸ்நேக் ஆற்றுக் கூட்டணி முதலிய சங்கங்களும் உடன் நின்றன. 1999 செப்டெம்பரில் மத்திய நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர்.

அவர்கள் எழுப்பிய கேள்விகள் கல்லாதவனும் கேட்கக்கூடியவை. கற்றவனும் எளிதில் விடைகூற மாட்டாதவை. வடிகட்டி பழுதானால் எத்தனை நிமிடத்தில் அறிவீர்கள்? பல்லாண்டுகளுக்கு முன் மூடிய பீப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்பதை எப்படி நிச்சயமாகச் சொல்வீர்கள்? எரியாமல் செய்யக்கூடிய வழிகளை எவ்வளவு ஆராய்ந்தீர்கள்? காற்றின் கீழ்த்திசையில் வாழும் எங்களை ஏன் கேட்கவில்லை? அந்த வேளையிலே ஆலையைக் கட்டும் நிறுவனத்தின் தாய்ப்பிரிவைப் பற்றி இங்கிலாந்திலிருந்து ஒரு செய்தி வந்தது. செலாபீல்ட் ஆலையில் அணு எரிபொருளைச் சோதித்த பதிவுகளைச் சில தொழிலாளர் பொய்யாக எழுதியிருந்தமை 1999 செப்டெம்பரில் வெளியாயிற்று. 2000 பெப்புருவரியில் பிரித்தானிய அணுப் பரிசோதகர்களின் அறிக்கை அதனைக் கடுமையாகக் கண்டித்தது. அளவையே நம்பி வாழவேண்டிய தொழிலில் அளவைப் பொய்யாக எழுதுவது எத்தகைய குற்றம் என்பதை நான் விரிக்கவேண்டியதில்லை.

2000 மார்ச்சு மாத இறுதியில் வழக்கு சமரசமாக முடிந்தது. சக்தித் திணைக்களச் செயலாளர் பில் றிச்சட்சன், எரியுலை கட்டுவதை நிறுத்திவைப்பதாக அறிவித்தார். எரியுலைக்கு மாற்று வழிகளை ஆராய அறிஞர் குழு ஒன்று நியமிக்கப்பட்டது. ஆலையின் மற்றைய பகுதிகளைக் கட்டத் தடையில்லை என்றும் உடன்பாடாயிற்று. அக்குழு 2000 டிசெம்பரில் அறிக்கை சமர்ப்பித்தது. எரியுலைக்குப் பதிலாக ஆராயத்தக்க வழிகள் பல உள என்று அது கூறியது. உப்புக் களஞ்சியத்துக்குப் போகும் கழிவுக்கு, புதைக்குமுன் நச்சு இரசாயனத்தை அழிக்க வேண்டும் என்ற விதியிலிருந்து 1996ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தமே விலக்கு அளித்திருந்தது என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். எரிப்பதற்குச் சொன்ன காரணங்களுள் ஒன்று அப்பொழுதே வலுவிழந்திருந்தது. பின்னர் ஐதரசன் பற்றிய போக்குவரத்து வரையறைகளும் மறுபடி ஆராயப்பட்டன.

2003இல் ஆலை எரியுலையின்றியே தொழிற்படத் தொடங்கியது. பீப்பாக்களைத் திறந்தும் ஊடுருவிப் பார்த்தும் சோதித்தனர். பெரிய அமுக்கி இயந்திரத்தால் பீப்பாவைத் தட்டைத் துண்டாக நசுக்கினர். அவற்றை வேறு கலங்களில் இட்டு நியூ மெக்சிக்கோவுக்கு அனுப்பினர். தீ இல்லாமற் காரியம் நடவாது என்று சொல்லப்பட்ட இடத்தில், தீ இல்லாமலே பெரும்பகுதி நடந்தது.

இவ்வளவோடு நிறுத்தினால் கதை இனிமையாக முடிந்துவிடும். ஆனால் உண்மை அவ்வளவு இனிமையானதன்று. 2014 பெப்புருவரி 14ஆம் நாள் உப்புக் களஞ்சியத்தில் ஒரு பீப்பா வெடித்துப் புளூட்டோனியம் பரவியது. லொஸ் அலமோஸ் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த பீப்பா அது. நைத்திரேற்று உப்போடு, பூனை வளர்ப்போர் வாங்கும் தாவரப்பொருளாலான உறிஞ்சு தூளைத் தவறாகக் கலந்ததே காரணம் என்று கண்டனர். களஞ்சியம் ஏறத்தாழ மூன்றாண்டு மூடிக் கிடந்து 2017 சனவரியில் மீண்டும் திறக்கப்பட்டது. 2018 ஏப்பிரலில் ஐடகோவிலேயே நான்கு பீப்பாக்கள் தாமே சூடேறி மூடி தெறித்தன. உடன்படிக்கையில் எழுதிய 2018 டிசெம்பர் 31ஆம் நாளும் வந்தது. கழிவு முழுவதும் வெளியேறியிருக்கவில்லை.

ஆகவே, எரியுலையை நிறுத்தியதால் ஆபத்து நீங்கிவிட்டது என்று நான் சொல்லவில்லை. இத்தகைய கழிவுக்கு ஆபத்தற்ற வழி என ஒன்று கிடையாது. நிலத்தில் விட்டால் நீருக்கு ஆபத்து. எரித்தால் காற்றுக்கு ஆபத்து. ஏற்றிச் சென்றால் வழிக்கு ஆபத்து. எந்த ஆபத்தை யார் தாங்குவது என்பதே தெரிவு. அந்தத் தெரிவைத் தாங்குபவன் அறியாமல் மற்றொருவன் செய்யலாகாது என்பதுதான் நான் வலியுறுத்துவது.

இதற்கு மூன்று ஆட்சேபங்கள் உண்டு.

முதலாவது: ஜாக்சன் செல்வந்தர் வாழும் ஊர், அவர்களாற் பணம் திரட்டி வழக்காட முடிந்தது, ஏழை ஊராயிருந்தால் எரியுலை எழுந்திருக்கும். இதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் இது கேட்பது தவறு என்பதற்குச் சான்றாகாது; வசதியில்லாதவனையும் அரசாங்கம் தானே வலியச் சென்று கேட்கவேண்டும் என்பதற்கே சான்றாகும்.

இரண்டாவது: ஐடகோ மக்கள் கழிவை அகற்றவேண்டும் என்று துடித்துக்கொண்டிருக்க, அயல் மாநிலத்தார் குறுக்கிட்டுத் தாமதிக்கச் செய்தனர் அல்லவா? தாமதமும் ஆபத்தே, ஒப்புக்கொள்ளுகிறேன். ஆனால் அந்தத் தாமதத்துக்குக் காரணம் பின்னர் கேள்வி கேட்டவர்களா, முன்னரே அவர்களைக் கேளாதவர்களா? தொடக்கத்திலேயே காற்றுவழி ஊர்களையும் கூட்டி, மாற்று வழிகளையும் எடுத்துக்காட்டியிருந்தால் அந்த ஆராய்ச்சி சில ஆண்டுகள் முந்தியே நடந்திருக்கும்.

மூன்றாவது: அணு விஞ்ஞானம் கல்லாத குடிமகனுக்கு இதில் என்ன தெரியும்? வடிகட்டியின் இலக்கணம் அவனுக்குத் தெரியாமலிருக்கலாம். தன் பிள்ளைக்கு எவ்வளவு ஆபத்தைத் தாங்க உடன்படுவது என்பதை வேறெவரும் அவனுக்காகத் தீர்மானிக்க முடியாது. ஆபத்து எவ்வளவு என்று அளப்பது விஞ்ஞானியின் தொழில். அந்த அளவு தகுமா என்று சொல்வது அதனைத் தாங்குபவனின் உரிமை. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பியதால் உண்டான துன்பங்கள் பல.

திருவள்ளுவர் தெரிந்துசெயல்வகை என்று ஓர் அதிகாரமே வகுத்தார். ஒரு காரியத்தில் அழிவதையும் ஆவதையும் முன்னரே ஆராய வேண்டும் என்பது அதன் கருத்து. தொடங்கியபின் ஆராய்வது ஆராய்ச்சியாகாது. பொதுமக்களைக் கேட்பதும் அப்படியே. அது மெய்யானதா, வெறுஞ் சடங்கா என்று அறிய நான்கு உரைகற்கள் சொல்லலாம். தீர்மானம் செய்யுமுன் கேட்டார்களா? பாதிப்பு எட்டக்கூடிய எல்லாரையும் கேட்டார்களா? மாற்று வழிகளையும் தம் ஐயங்களையும் மறையாது மக்களுக்கு விளங்கும் மொழியில் வைத்தார்களா? கேட்ட சொல்லால் தீர்மானம் மாறக்கூடிய நிலை இருந்ததா? இந்நான்கில் ஒன்று குறைந்தாலும் அது சடங்கே. சடங்கின் பொருளறியாது செய்வதாற் பயனில்லை என்று இச்சங்கத்திலே பலமுறை கேட்டிருக்கிறோம். அரசியற் சடங்குக்கும் அது பொருந்தும்.

இன்னும் ஒருசாரார் உள்ளனர். அவர்களைக் கேட்க எவராலும் இயலாது. இருபத்துநாலாயிரம் ஆண்டுக்குப் பின் பிறக்கப் போகிறவர்கள் அவர்கள். அக்காலத்து மனிதன் எந்த மொழி பேசுவான், எந்தத் தெய்வத்தை வணங்குவான் என்று நாம் அறியோம். ஆனால் நமது தலைமுறைகள் செய்த வினையின் எச்சம் அவனுக்கும் இருக்கும். வினைப்பயன் செய்தவனை விடாது தொடரும் என்று நமது சமயம் போதிக்கிறது. இங்கேயோ செய்தவன் மறைந்துவிட, செய்யாதவனைத் தொடர்கிறது. பிறவாதவன் சார்பிலே பேசும் கடமை இன்று பிறந்திருக்கும் நமக்கே உரியது.

வாலிப நண்பர்களே, ஜாக்சன் ஊரவர் முதலிற் செய்தது பெரிய காரியம் ஒன்றுமன்று. யாரும் படியாத தடித்த அறிக்கையைச் சிலர் எடுத்துப் படித்தார்கள். விளங்காத இடத்திலே வெட்கப்படாமற் கேள்வி கேட்டார்கள். விடை கிடைக்காதபோது மறுபடியும் கேட்டார்கள். மற்றவையெல்லாம் அதிலிருந்து விளைந்தன. சட்டம் கேட்கும் உரிமையைத் தரலாம். உரிமையைப் பயன்படுத்த வேண்டுமானால் படிக்கும் பழக்கமும், பொறுமையும், நாலுபேர் கூடிப் பேசும் இடமும் வேண்டும். இத்தகைய சங்கங்கள் அந்த இடங்களாக விளங்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

அக்கினியை நாம் சாட்சியாக வைத்துக் கருமங்களைச் செய்கிறோம். சாட்சியின் முன்னிலையில் மறைப்பு இருத்தலாகாது. தீ மூட்டுபவன் எவனாயினும், எந்த நாட்டவனாயினும், அந்தப் புகை யார் வீட்டு முற்றத்திற்குச் செல்லும் என்று முதலிலே பார்க்கட்டும். அவ்வீட்டாரைச் சென்று கேட்கட்டும்.